மறு: பாஞ்சோவில் மணியோசை எழுப்பும் உத்திக்கு என்ன சொல்லலாம்?

குழுவினருக்கு வணக்கம். கிட்டார் போல மீட்டும் ஐந்து தந்தி வாத்தியமான பாஞ்சோவில் 'சைம்ஸ்' என்னும் உத்திக்குத் தமிழ்க் கலைச்சொல் தேடுகிறோம். வந்த யோசனைகளுக்கு என் பதில்கள் இதோ.

> பாடநூலில் 'சீரிசை' இருக்கிறதே, அதையே வைத்துக்கொண்டால் என்ன?

அடிச்சுரத்தின் முழுமடங்கு அதிர்வெண்களில் எழும் சுரங்களை (harmonics) அது குறிக்கிறது. இயற்பியலுக்குச் சரி. ஆனால் எந்தத் தந்தியை எப்படி மீட்டினாலும் அதற்குள் சீரிசைகள் இருக்கத்தான் செய்யும். அமெரிக்காவின் பழம்பாணி பாஞ்சோக்காரர்கள் 'சைம்ஸ்' என்பது ஒரு கைவேலையை. இடக்கை விரலைத் தந்தியின் மேல் சும்மா ஒற்றி வைக்கவேண்டும், அழுத்தக்கூடாது. அதுவும் தண்டில் குறுக்கே பதித்த 12-ஆம் மெட்டுக்கம்பிக்கு (fret) நேர் மேலே. வலக்கை நகம் தந்தியை அடித்ததும் விரலை எடுத்துவிட வேண்டும். விரல் தங்கிப்போனால் ஓசை அமுங்கிவிடும். இடம் கொஞ்சம் தள்ளிப்போனால் 'டொக்'. சரியாக விழுந்தால் அடிச்சுரம் அடங்கி, ஒரு ஸ்தாயி மேலே உள்ள சுரம் கணீரென்று எழும்.

> 'மெட்டொலி'?

வேண்டாமே. மெட்டு இங்கே வெறும் அடையாளம். பாதித் தந்தி என்பதுதான் கணக்கு. 19-ஆம் நூற்றாண்டின் மெட்டில்லாத பாஞ்சோக்களிலும் இது வரும். பாட்டு மெட்டோடு குழம்புவது வேறு.

> 'மணியிசை'?

கோபுர மணிகளை வரிசையாக ஒலிப்பதற்கு அதை விட்டுவைப்போம். தவிர, மேற்கத்திய தேவாலய மணியில் நம் சாதாரண காந்தாரம் போன்ற ஒரு சுரம் தூக்கலாகக் கேட்கும். பாஞ்சோவின் இந்த ஓசையில் அது கிடையாது. அடியின் கூர்மையும் அடிச்சுரம் இல்லாத தெளிவும்தான் மணியை நினைவூட்டுகின்றன.

என் பரிந்துரை: ஒலிக்குத் 'தொடுசுரம்', அதைக்கொண்டு மணியைப் போலச் செய்யும் உத்திக்கு 'மணித்தொடுகை'. எல்லாத் தொடுசுரமும் மணிக்காக அல்ல, சுருதி சேர்க்கவும் இதைத்தானே பயன்படுத்துகிறார்கள்? ஜி சுருதியில் (ஐந்து தந்திகளையும் ஜி-டி-ஜி-பி-டி என்று சேர்ப்பது) மணித்தொடுகை எளிது. நீளமான நான்கு தந்திகளையும் ஒரே விரலால் 12-இல் ஒற்றினால் ஜி மேஜர் (ஜி, பி, டி சேர்ந்த சுரக்கூட்டு), 7-இல் டி மேஜர், 5-இல் மறுபடி ஜி, இன்னும் ஒரு ஸ்தாயி மேலே. ஒரு பாட்டை மணியடித்து முடிக்க இவ்வளவு போதும்.

-----

> பாதித் தந்தி என்பதுதான் கணக்கு

'மணித்தொடுகை' எனக்குச் சம்மதம். ஆனால் வரையறையில் 'பாதி' என்று மட்டும் எழுதாதீர்கள் ஐயா. 7-ஆம் மெட்டு மூன்றில் ஒரு பங்கு, 5-ஆம் மெட்டு நான்கில் ஒரு பங்கு. அப்புறம் அந்தக் குட்டையான ஐந்தாம் தந்தி! அதன் முறுக்காணி தண்டின் நடுவழியில், 5-ஆம் மெட்டருகே இருக்கிறது. அதற்குப் பாதி வருவது 17-ஆம் மெட்டின் மேல். விரலை 12-இல் ஐந்து தந்திக்கும் குறுக்கே போட்டால், ஐந்தாவது மட்டும் மூன்றில் ஒரு பங்கில் நின்று உச்சத்தில் டி கொடுக்கும். ஜி மேஜருக்குள் டி அடங்கிவிடுவதால் காதுக்கு உறுத்தாது.

'தொடுசுரம்' பற்றித்தான் தயக்கம். அழுத்தி வாசிப்பதும் தந்தியைத் தொட்டுத்தானே? 'ஒற்றுச்சுரம்' என்றால் துல்லியமாக இருக்காதா?

-----

துல்லியம்தான். ஆனால் ஒற்று என்றதும் பாதிப் பேருக்குப் புள்ளி வைத்த எழுத்து நினைவுக்கு வரும், மீதிப் பேருக்கு உளவாளி. அழுத்தி வாசிப்பதை வேண்டுமானால் 'அழுத்துசுரம்' என்று பிரித்துக்கொள்வோம். இரண்டும் அருகருகே நிற்கும்போது குழப்பம் வராது. வரையறையில் 'தந்தி நீளத்தின் 1/2, 1/3, 1/4 பங்குகளில் அழுத்தாமல் தொட்டு' என்று மாற்றிவிட்டேன். ஐந்தாம் தந்திக்குத் தனிக் குறிப்பும் உண்டு. மறுப்பு இருந்தால் பட்டியலில் ஏற்றுவதற்குள் எழுதுங்கள்.