316எல் கியூப்: ஒரே துண்டுக்கு மூன்று அடர்த்தி வருகிறது, எங்கே தவறு?

வைகறை:
வணக்கம். மூன்றாம் ஆண்டு உலோகவியல் படிக்கிறேன். கோடை விடுமுறையில் எட்டு வார ஆராய்ச்சிக்கு வந்திருக்கிறேன், ஐந்து வாரம் முடிந்துவிட்டது. 316எல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பவுடரை லேசரால் உருக்கி, லேயர் லேயராக எழுப்பிய 12 கியூப்கள் கையில் இருக்கின்றன. ஒவ்வொன்றும் 10 மி.மீ. லேசர் திறன் 150, 175, 200, 225 வாட். வேகம் விநாடிக்கு 600, 900, 1200 மி.மீ. லேயர் தடிமன் 0.04 மி.மீ., கோடுகளுக்கு இடையே 0.1 மி.மீ. எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்.

ஆர்க்கிமிடீஸ் முறையில் அடர்த்தி பார்க்கிறேன்: காற்றில் உள்ள எடையைத் தண்ணீருக்குள் இழக்கும் எடையால் வகுத்து, தண்ணீரின் அடர்த்தியால் பெருக்கி, துளையே இல்லாத எஃகின் அடர்த்தியில் எத்தனை சதவீதம் என்று எழுதுகிறேன். 8ஆம் கியூபை (200 வாட், 900) ஒரே நாளில் மூன்று முறை போட்டதில் 98.0, 99.0, 98.5 சதவீதம் என்று வருகிறது. இன்னொரு குழப்பம், மிகக் குறைந்த ஆற்றலில் செய்த 3ஆம் கியூபுக்குத்தான் (150 வாட், 1200) எல்லாவற்றையும்விட அதிகமாக 99.8 வருகிறது. லென்ஸில் பார்த்தால் அதன் பக்கவாட்டில் ஓட்டைகள் கண்ணுக்கே தெரிகின்றன! போஸ்டர் வைக்க மூன்று வாரம்தான் இருக்கிறது. என்ன செய்யலாம்?

உலைக்கூடம்:
சதவீதத்தை விடுங்கள், தராசில் வந்த எண்களை அப்படியே போடுங்கள். தண்ணீரின் வெப்பநிலை என்ன? அதன் அடர்த்தியை எவ்வளவு என்று எடுத்தீர்கள்? எடை போடும் முன் கியூபை எப்படிச் சுத்தம் செய்தீர்கள்?

வைகறை:
அண்ணா, காற்றில் 7.842 கிராம். தண்ணீருக்குள் 6.841, 6.851, 6.846. தராசு மூன்று தசமம் காட்டும். தண்ணீர் அடர்த்தி 1 என்று போட்டேன், வெப்பநிலை பார்க்கவில்லை. லேபில் ஏசி இல்லை, 29 டிகிரி இருக்கலாம். எஃகின் முழு அடர்த்தி 7.99 என்று வைத்தேன். வயர்கட்டில் (மின்பொறியால் வெட்டும் கம்பி மெஷின்) வெட்டி எடுத்தபின் துணியால் துடைத்தேன், அவ்வளவுதான்.

உலைக்கூடம்:
சரி, இதிலேயே பாதி பதில் இருக்கிறது.

உங்கள் கியூப் சுமார் 1 கன செ.மீ. தண்ணீருக்குள் அது இழக்கும் எடை கிட்டத்தட்ட 1 கிராம். அதில் 1 மில்லிகிராம் மாறினாலே அடர்த்தியில் 0.1 சதவீதம் மாறிவிடும். உங்கள் அளவுகளுக்குள் வித்தியாசம் 10 மில்லிகிராம். 2 மி.மீ. விட்டமுள்ள ஒரு காற்றுக்குமிழி 4 மில்லிகிராமுக்கு மேல் தூக்கும். இப்படி இரண்டு குமிழி அடிப்பக்கத்தில் ஒட்டியிருந்தால் போதும், 99 சதவீதம் 98 ஆகிவிடும். லேசரில் எழுப்பிய துண்டின் பக்கச்சுவரில் அரைகுறையாக உருகிய பவுடர் மணிகள் உப்புத்தாள் போல ஒட்டிக்கொண்டிருக்கும். குமிழிக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது.

அசிட்டோனில் போட்டு, ஒலி அதிர்வால் அழுக்கை உதிர்க்கும் அல்ட்ராசோனிக் தொட்டியில் பத்து நிமிடம் வையுங்கள். அப்புறம் ஓவனில் உலர்த்தி, காற்றில் திரும்ப எடை போடுங்கள். பவுடர் உதிர்ந்திருக்கும், பழைய 7.842 இனி செல்லாது. தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டால் கரைந்திருக்கும் காற்று போகும். பாத்திரம் கழுவும் திரவம் ஒரே ஒரு துளி விடுங்கள். கியூபை உள்ளே இறக்கியதும் மெல்லிய பிரஷ்ஷால் ஆறு பக்கமும் தடவிவிடுங்கள், அடிப்பக்கத்தை மறக்காமல். 29 டிகிரியில் தண்ணீர் 0.996, ஒன்று அல்ல. இதனால் மட்டும் உங்கள் எண்கள் எல்லாமே 0.4 சதவீதம் கூடுதலாக இருக்கின்றன.

தாரகை:
3ஆம் கியூபின் கதை வேறு. தண்ணீருக்குள் இருக்கும்போது எண் நின்றதா, நகர்ந்ததா?

வைகறை:
அக்கா, ஏறிக்கொண்டே இருந்தது! நிற்கும்வரை காத்திருந்து எழுதினேன்.

தாரகை:
அப்படியானால் துளைகளுக்குள் தண்ணீர் புகுந்திருக்கிறது. திறனை வேகம், லேயர் தடிமன், கோட்டு இடைவெளி மூன்றின் பெருக்கலால் வகுத்தால் வருவது ஆற்றல் அடர்த்தி. அந்தக் கணக்கில் அதற்குக் கன மி.மீ.க்கு 31 ஜூல்தான் கிடைத்திருக்கிறது. பவுடர் முழுதாக உருகி அடுத்த கோட்டோடு ஒட்டாமல், வெளிப்பக்கம்வரை திறந்த துளைகள் விட்டிருக்கும். தண்ணீர் அவற்றை நிரப்பியதும் துளையே இல்லாததுபோல எண் வரும். நீங்கள் அளந்தது தவறில்லை, சூத்திரம்தான் இந்தத் துண்டுக்குப் பொருந்தாது. துளை 2 சதவீதத்துக்குக் குறைவான துண்டுகளுக்கு ஏஎஸ்டிஎம் அமைப்பின் சோதனைத் தரமுறை பி311, அதற்கு மேல் போனால் பி962 என்று தனித்தனியாக வைத்திருப்பது இதற்காகத்தான்.

உலர்ந்த எடை எடுங்கள். பிறகு வெற்றிடத்தில் வைத்து துளைகளில் தண்ணீர் நிரப்புங்கள். நீருக்குள் ஒரு எடை, வெளியே எடுத்து ஈரத்துணியால் மேலே மட்டும் ஒற்றி இன்னொரு எடை. உலர்ந்த எடையை வகுக்க வேண்டியது இந்த இரண்டின் வித்தியாசத்தால். காய்ந்த துணி வேண்டாம், துளைக்குள் இருப்பதையும் உறிஞ்சிவிடும்.

வைகறை:
நான்கு நாள் கழித்து வருகிறேன். 8ஆம் கியூப் காற்றில் 7.840. தண்ணீருக்குள் 6.850, 6.850, 6.849. வெப்பநிலை 28 டிகிரி, 0.9962 வைத்துக் கணக்கிட்டால் 98.7, 98.7, 98.6. பிரஷ் பட்டதும் அடியிலிருந்து இரண்டு பெரிய குமிழி எழும்பி வந்ததை நானே பார்த்தேன்! 3ஆம் கியூப் 96.4க்கு இறங்கிவிட்டது. இனி ஆற்றல் அடர்த்திக்கு எதிராக 12 புள்ளியும் வைத்து வரைபடம் போட்டால் போதுமா?

தாரகை:
வரைபடம் போடுங்கள், ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். உங்கள் பட்டியலில் 1ஆம் கியூப் 150 வாட், 600. 11ஆம் கியூப் 225 வாட், 900. இரண்டுக்குமே கன மி.மீ.க்கு 62.5 ஜூல். ஆற்றல் அடர்த்தி மட்டும்தான் எல்லாம் என்றால் இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். இருக்கின்றனவா?

வைகறை:
இல்லை அக்கா, 1க்கு 99.3, 11க்கு 98.5.

தாரகை:
போஸ்டரில் நடுவில் வைக்க வேண்டியது இந்த ஜோடிதான். எவ்வளவு துளை என்பதை மட்டும்தான் தராசு சொல்லும், என்ன துளை என்று சொல்லாது. இரண்டையும் எழுப்பிய திசைக்கு இணையாக வெட்டி, மவுண்ட் செய்து (பிசினில் பதித்து), 1 மைக்ரான் டைமண்ட் பேஸ்ட்வரை பாலிஷ் செய்யுங்கள். எட்ச் செய்வதற்கு (அமிலத்தால் அரிப்பதற்கு) முன்பே துளைகளைப் படமெடுத்துவிடுங்கள். கோணல்மாணலாக, உள்ளே உருகாத மணிகளோடு இருந்தால் ஆற்றல் போதவில்லை. உருண்டையாக, உருகிய குளத்தின் அடிப்பக்கம் வரிசையாக இருந்தால் லேசர் ஆழமாகத் துளைத்துக் கீஹோல் (சாவித்துவாரம் போன்ற குழி) ஆகியிருக்கிறது. 225 வாட்டில் இரண்டாவதற்குத்தான் வாய்ப்பு அதிகம் என்று நினைக்கிறேன், படம் வந்ததும் இங்கே போடுங்கள்.

உலைக்கூடம்:
மவுண்ட் போடும் முன் எந்தப் பக்கம் மேல் என்று துண்டின் பின்புறத்தில் கீறி வையுங்கள். மார்க்கர் மை அசிட்டோனில் அழிந்துவிடும்.

வைகறை:
கீறிவிட்டேன் அண்ணா. நாளைக் காலை ஒன்பது மணிக்கு வெட்டும் மெஷின் கிடைக்கிறது.