நாற்பது பேருக்கு வழிச் சாப்பாடு: யோசனை சொல்லுங்கள்

வணக்கம். அடுத்த மாதம் கடலூரிலிருந்து பிச்சாவரம், சிதம்பரம் போகிறோம். சின்னப் பிள்ளைகள், சர்க்கரை உள்ள பெரியவர்கள் எல்லாம் சேர்த்து 40 பேர், ஒரே பஸ். காலைக்கு மிளகாய்ப்பொடி தடவிய இட்லி. சட்னி ஊசிப்போகும் கவலை இல்லை. மதியத்துக்குப் புளியோதரையும் தயிர்சாதமும். கிலோ அரிசிக்குப் பத்துப் பேர் என்று 4 கிலோ போதுமா? படகில் சுற்றிவிட்டு வந்தால் எல்லாருக்கும் அகோரப் பசி எடுக்கும், அதுதான் பயம். தயிர்சாதத்தில் பாலை நிறைய ஊற்றி, தயிரைக் கொஞ்சமாக விட்டால் மதியம் வரை புளிக்காது என்கிறார் அத்தை. இந்த வெயிலில் அது சரிவருமா?

கோயில் நடை மதியம் சாத்திவிடுவார்கள், அதனால் தரிசனம் மாலையில்தான். அப்புறம் இரவுக்குச் சிதம்பரத்திலேயே இட்லியும் கத்தரிக்காய் கொத்சும் சாப்பிட ஆசை. முன்கூட்டியே சொன்னால் இத்தனை பேருக்குச் செய்து தரும் மெஸ் ஏதாவது தெரியுமா?