புதுப்பிப்பு: யூபிவிசி ஜன்னலுக்குச் செங்கல் சுவரில் திறப்பு விடுவது – வேலை முடிந்தது

4 அடிக்கு 4 அடி யூபிவிசி (கெட்டியான பிளாஸ்டிக்) ஜன்னல் வைக்க, சுவர் கட்டும்போதே திறப்பைக் கோணாமல் விடுவது எப்படி என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. ஜன்னல் மாட்டியாச்சு.

கைகொடுத்தது டம்மி சட்டம் யோசனைதான், அதாவது ஜன்னல் வரும் இடத்தில் அளவுக்காக ஒரு சட்டத்தை நிறுத்திக்கொண்டு கட்டுவது. இரும்புச் சதுரக் குழாயில் 4 அடி 1 அங்குலத்துக்குச் சட்டம் செய்து, ரசமட்டம் பார்த்து நிறுத்தி, அதை ஒட்டியே கொத்தனார் கட்டினார். பக்கத்துக்கு அரை அங்குலம் பூச்சுக்குப் போய்விடும். மூலைக்கு மூலை டேப் பிடித்தால் இரண்டு அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். திறப்புக்கு மேலே வரும் லிண்டல் (சுவர்ப் பாரத்தைத் தாங்கும் கான்கிரீட் உத்தரம்) இருபுறமும் சுவரில் 6 அங்குலம் உட்கார்ந்திருக்கிறது.

எதிர்பாராதது கீழ்ப்பக்கம். திறப்பின் அடியில் பதிக்கும் 18 மி.மீ. கிரானைட், அதன் அடியில் கலவை, வெளிப்பக்கச் சரிவு எல்லாம் சேர்ந்து உயரத்தில் ஒன்றரை அங்குலத்தைச் சாப்பிட்டுவிட்டது. நல்லவேளை, அதுவரை ஜன்னலுக்கு ஆர்டர் கொடுக்கவில்லை. பூச்சும் கிரானைட்டும் முடிந்த அப்புறம், அகலம், உயரம் இரண்டையும் மூன்று மூன்று இடத்தில் அளந்து, அதில் சிறிய அளவிலிருந்து 10 மி.மீ. குறைத்துச் செய்யச் சொன்னோம். பக்கத்துக்கு 5 மி.மீ. இடைவெளியில் ஃபோம் (உப்பி இடைவெளியை அடைக்கும் நுரை) அடித்து, வெளியே சிலிகான் பூசினார்கள். ஐப்பசி மழைக்கு ஒரு சொட்டுக்கூட உள்ளே வரவில்லை.