குரோம்ல பூட்டு வருது, போன் ஆப் மட்டும் ஓடல - போடி அனுபவம்

போடில ஏலக்கா மண்டி ஒண்ணுக்கு கிளவுட் சர்வர் பாக்குறேன். போடிமெட்டுக்கு மேல பூப்பாறை, சாந்தன்பாறை எஸ்டேட்ல கணக்கப்பிள்ளைங்க எடை போட்ட உடனே போன்ல ஏத்திருவாங்க, அந்த ஆப்புக்குப் பின்னாடி இருந்து கணக்கை வாங்கிக்கிற ஏபிஐ இந்த சர்வர்லதான் ஓடுது.

இது நம்ம சர்வர்தான்னு ஆப்புக்கும் பிரவுசருக்கும் காட்டுற சர்டிபிகேட்டைப் புதுசா மாத்துன அன்னைக்கு மேல இருந்து போன் மேல போன், "தம்பி, லோடே ஆக மாட்டேங்குதுப்பா"ன்னு. மண்டி கம்ப்யூட்டர்ல குரோம்ல போட்டு முகவரி பக்கத்துல இருக்கிற ஐகானைத் தட்டுனா, கனெக்ஷன் பாதுகாப்புன்னு பூட்டு ஜம்முனு வருது, அதனால எல்லாரும் டவர் இல்லன்னு மலை மேல பழியப் போட்டுட்டாங்க, ஆனா அதே போன்ல வாட்ஸ்அப் போகுதே, அப்புறம் எப்படி டவர் பிரச்சனை?

வெளிய இருந்து, சர்வர் என்ன சர்டிபிகேட் அனுப்புதுன்னு காட்டுற ஓப்பன்எஸ்எஸ்எல் எஸ்_கிளையன்ட் ஷோசெர்ட்ஸ் கமாண்டு அடிச்சா ஒரே ஒரு சர்டிபிகேட்தான் வருது, கூடவே வெரிஃபை எர்ரர் 20, அதாவது அதைக் குடுத்தவங்களோட சர்டிபிகேட் கிடைக்கலன்னு அர்த்தம். நம்ம சர்டிபிகேட்டை போன் நம்புற ரூட் சர்டிபிகேட்டோட இணைக்க நடுவுல வர வேண்டிய இன்டர்மீடியட் சர்டிபிகேட்டைக் காணோம். செட்டப் பண்ணிக் குடுத்த கான்ட்ராக்ட் ஆளுங்க என்ஜின்எக்ஸ் வெப் சர்வர்ல, ரெண்டும் சேர்ந்த ஃபுல்செயின் ஃபைலுக்குப் பதிலா நம்ம சர்டிபிகேட் மட்டும் இருக்கிற செர்ட் ஃபைலைக் காட்டி வச்சிருக்காங்க. டெஸ்க்டாப் குரோம் விட்டுப்போன இன்டர்மீடியட்டை தானே தேடி எடுத்துக்கும், ஆண்ட்ராய்டு ஆப் அப்படித் தேடாது, கனெக்ஷனையே வெட்டிரும். அந்த ஃபைல் பாத்தை மாத்தி ரீலோட் குடுத்ததும் எடை வர ஆரம்பிச்சிருச்சு. பூட்டைப் பாத்து மட்டும் சரின்னு விட்டுராதீங்கப்பா, அங்க பதிவு நின்னா மூட்டை எல்லாம் அப்படியே நிக்குது, ஆளுங்க மழையில காத்துக் கெடக்குறாங்க.

இலவசமா சர்டிபிகேட் குடுக்கிற லெட்ஸ் என்கிரிப்ட்ல அது 90 நாள்தான் செல்லும், அதனால ரெனியூவலையும் பாருங்க. டொமைன் நம்மளுதுதானான்னு அவங்க சர்வருக்கே வந்து பாக்குற ஹெச்டிடிபி சேலஞ்ச் வச்சிருந்தா 80ம் போர்ட் திறந்திருக்கணும், செக்யூரிட்டின்னு ஹெச்டிடிபிஎஸ் வர்ற 443 மட்டும் விட்டு 80ஐ மூடுனா ரெனியூ ஆகாது. நாங்க டிஎன்எஸ் சேலஞ்சுக்கு மாறிட்டோம், டொமைனோட டிஎன்எஸ்ல டிஎக்ஸ்டி ரெக்கார்டுன்னு ஒரு வரி இருந்தா போதும், ரெனியூ ஆனதும் என்ஜின்எக்ஸ் ரீலோட் ஆக ஹூக்னு தானா ஓடுற ஒரு கமாண்டும் போட்டாச்சு. 2029 மார்ச்ல இருந்து சர்டிபிகேட்டுக்கு அதிகபட்சம் 47 நாள்தானாம், கையால மாத்துறதெல்லாம் இனி நடக்காது.

-----

அண்ணா, உங்க பதிவைப் படிச்சேன், நான் பாலக்காடு பக்கம் கொழிஞ்சாம்பாறைங்க. இங்க ஒரு பால் சொசைட்டில இதே மாதிரி ஆபீஸ்ல ஓடுது, ஜியோ சிம் போட்ட போன்ல மட்டும் சர்டிபிகேட் எர்ரர். செயினெல்லாம் பாத்தாச்சு, சரியாத்தான் இருந்துச்சுங்க. கடைசில பாத்தா சர்வர் மாத்துனவங்க டிஎன்எஸ்ல ஐபிவி4 முகவரி சொல்ற ஏ ரெக்கார்டை மட்டும் மாத்திட்டு, ஐபிவி6 முகவரி சொல்ற ஏஏஏஏ ரெக்கார்டை பழைய சர்வர்லயே விட்டுட்டாங்க. ஜியோ ஐபிவி6ல போகுது, ஆபீஸ் பிராட்பேண்ட் ஐபிவி4, அதான் ஆளுக்கொரு சர்வருக்குப் போயிருக்குதுங்க. லெட்ஸ் என்கிரிப்டும் ஏஏஏஏ இருந்தா மொதல்ல அங்கதான் போய்ப் பாக்கும், அதனால ரெனியூவலும் ஃபெயிலு. உங்க டொமைனுக்கும் டிக் (dig) கமாண்டு போட்டு ஏஏஏஏ ஒருக்கா பாத்துருங்கண்ணா.