போலந்து விமானியின் மார்பில் இருக்க வேண்டியது கழுகா, சிறகா?

கேள்வி

நண்பர்களுக்கு வணக்கம். 1940-இல் லண்டனுக்கு மேற்கே உள்ள நார்த்தோல்ட் தளத்திலிருந்து பறந்த போலந்து விமானி ஒருவரின் மார்பளவுச் சிலைக்கு வண்ணம் பூசிக்கொண்டிருக்கிறேன். நீலச் சீருடையும், தோளுக்குச் சற்றுக் கீழே ‘போலந்து’ என்று எழுதிய பட்டையும் முடிந்துவிட்டன. மார்புச் சின்னத்துக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. பெட்டியின் மேலுள்ள ஓவியத்தில், இடப்பக்கப் பைக்கு மேலே துணியில் தைத்த பிரிட்டிஷ் சிறகுச் சின்னம் இருக்கிறது. உள்ளே வந்த பாகத்திலோ, அலகில் ஒரு வளையத்தைக் கவ்வியபடி கீழ்நோக்கிப் பாயும் பறவை வார்க்கப்பட்டிருக்கிறது. பழைய புகைப்படங்களைத் தேடினால், சிலவற்றில் அந்தப் பறவை இடப்பக்கம் தெரிகிறது, சிலவற்றில் வலப்பக்கம் தெரிகிறது.

பிரிட்டிஷ் சீருடை அணிந்து, பிரிட்டிஷ் விமானத்தில் பறந்த ஒருவர் தம் நாட்டுச் சின்னத்தை அணிய அனுமதி இருந்ததா? அந்த வளையம் பொன்னிறமா, பச்சையா? உண்மையில் வாழ்ந்து போரிட்டவர்களின் நினைவாக மேசையில் வைக்கப்போகும் பொருள் என்பதால், ஊகித்துப் பூச மனம் வரவில்லை.

மறுமொழி 1

உங்கள் கையில் இருக்கும் பாகம்தான் சரி. அந்தப் பறவை கழுகு, அது கவ்வியிருப்பது வாகை மாலை. 1919-இல் வ்வாதிஸ்வாவ் க்ருபெர்ஸ்கி என்ற சிற்பி போலந்து விமானிகளுக்காக வடிவமைத்த சின்னம் இது. விமானிகள் இதைச் செல்லமாக ‘காப்பா’ என்று அழைத்தார்கள்; போலந்தின் சில வட்டாரப் பேச்சுகளில் அதற்குக் காக்கை என்று பொருள். பெரும்பாலான நாடுகளின் விமானிச் சின்னம் நெஞ்சில் ஆணியடித்தாற்போல அசையாமல் இருக்கும்போது, இது மட்டும் இரைமேல் பாயும் கணத்தில் பிடித்து நிறுத்தப்பட்ட பறவையைப் போலச் சாய்ந்து தொங்கும். மெல்லிய சங்கிலி ஒன்று அதைச் சட்டையோடு பிணைத்திருக்கும்.

அனுமதி பற்றிய உங்கள் கேள்விக்கு விடை சீருடை விதியில் இல்லை, இரண்டு அரசுகளுக்கிடையிலான ஒப்பந்தத்தில் இருக்கிறது. 1939 செப்டம்பரில் நாடு வீழ்ந்தபின் ருமேனியா, ஹங்கேரி வழியாகப் பிரான்சுக்கும், அங்கிருந்து பிரிட்டனுக்கும் வந்து சேர்ந்த போலந்து விமானிகள், தொடக்கத்தில் பிரிட்டிஷ் விமானப்படையின் தன்னார்வ ரிசர்வ் பிரிவில்தான் சேர்க்கப்பட்டார்கள். தங்கள் அரசுக்குக் கொடுத்த உறுதிமொழிக்கு மேல் பிரிட்டிஷ் மன்னருக்கும் உறுதிமொழி கொடுக்க வேண்டியிருந்தது. 1940 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கையெழுத்தான ஒப்பந்தம் அந்த நிலையை மாற்றி, போலந்து விமானப்படையைத் தன் அரசுக்குக் கட்டுப்பட்ட, ஆனால் போர் நடவடிக்கைகளில் பிரிட்டிஷ் தலைமையின் கீழ் இயங்குகிற தனிப் படையாக ஏற்றுக்கொண்டது. சட்டைத் துணி பிரிட்டனுடையது, அதை அணிந்தவர் போலந்துப் படைவீரர். ஆகவே தொப்பியில் போலந்துக் கழுகும், கழுத்துப்பட்டையில் போலந்துப் பதவிக் குறிகளும், இடப்பக்க மார்பில் காப்பாவும் அவருக்கு உரிமையாக இருந்தன. தாய்நாடு இரண்டு வல்லரசுகளின் காலடியில் கிடந்த காலத்தில் அந்த உரிமை அவர்களுக்கு எவ்வளவு பெரிதாக இருந்திருக்கும் என்பதை நினைத்துப் பாருங்கள்.

நார்த்தோல்ட்டில் இருந்தது போலந்து விமானிகளின் 303-ஆவது ஸ்குவாட்ரன், அதாவது விமானப் பிரிவு. ஆகஸ்ட் 30 அன்று, பயிற்சிப் பறப்பின் நடுவே அதன் விமானி லுத்விக் பாஷ்கியேவிச் வரிசையை விட்டு விலகி ஒரு ஜெர்மன் விமானத்தை வீழ்த்தினார்; மறுநாளே அந்த ஸ்குவாட்ரன் போரில் இறக்கப்பட்டது. செப்டம்பர் 27-ஆம் தேதி அவர் போரில் உயிரிழந்தார்.

மறுமொழி 2

முன்னவர் சொன்னதை ஏற்கிறேன். படங்களைப் பற்றி மட்டும் சிலவற்றைச் சேர்க்கிறேன். வலப்பக்கம் சின்னம் தெரியும் படத்தைக் கண்டால், முதலில் பொத்தான்களைப் பாருங்கள். ஆண்களின் சீருடைச் சட்டையில் இடப்பக்கத் துணிதான் மேலே வந்து மூடும். வலப்பக்கத் துணி மேலே இருந்தால், படச்சுருளைத் திருப்பிப் போட்டு அச்சிட்டிருக்கிறார்கள் என்று பொருள். அந்தப் படத்தை நம்பிச் சின்னத்தின் பக்கத்தை முடிவு செய்யக் கூடாது.

பொத்தான் சரியாக இருந்தும் சின்னம் வலப்பக்கம் இருந்தால், அவர் போலந்துக்காரர்தானா என்று பார்க்க வேண்டும். செக்கோஸ்லோவாக்கிய விமானிகளின் படங்கள் போலந்து விமானிகள் என்ற தலைப்பில் அடிக்கடி வந்துவிடுகின்றன. 310, 312, 313 ஆகிய போர்விமான ஸ்குவாட்ரன்களிலும் 311-ஆவது குண்டுவீச்சு ஸ்குவாட்ரனிலும் பறந்த அவர்கள், போர் முழுவதும் பிரிட்டிஷ் தன்னார்வ ரிசர்வ் பிரிவின் உறுப்பினர்களாகவே நீடித்தார்கள். அதனால் இடப்பக்கத்தில் பிரிட்டிஷ் சிறகும், வலப்பக்கத்தில் மாலைக்குள் சிறகு விரித்த பறவையாக அமைந்த தங்கள் நாட்டு உலோகச் சின்னமும் அணிந்தார்கள். யாருடைய படையில் பெயர் பதிவாகியிருந்ததோ, அந்தப் படையின் சின்னத்துக்கே இடப்பக்கம் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இன்னொரு தவறும் பரவலாக நடக்கிறது. சிவப்பு நாற்கோணத் தொப்பியும் குறுக்காக வைத்த அரிவாள்களும் கொண்ட, போலந்தின் விடுதலை வீரர் கொஷ்சியூஷ்கோவின் பெயரால் வழங்கும் சின்னத்தை விமானிச் சின்னம் என்று எழுதுகிறார்கள். அது 303-ஆவது ஸ்குவாட்ரனின் சின்னம். விமானத்தின் பக்கவாட்டில் தீட்டப்பட்டது, பேட்ஜாகவும் அணியப்பட்டது. காப்பாவோ ஒருவர் விமானி என்ற தகுதியைக் காட்டுவது. இரண்டையும் ஒன்றின் இடத்தில் மற்றொன்றாக வைக்கக் கூடாது.

மறுமொழி 3

சேர்ந்திருக்கும் படையின் சின்னத்துக்கே இடப்பக்கம் என்ற அதே வழக்கம் எதிர்த்திசையில் செயல்பட்டதையும் காணலாம். அமெரிக்கா போரில் இறங்குவதற்கு முன்பே பிரிட்டிஷ் படையில் சேர்ந்து பறந்த அமெரிக்கர்களைக் கொண்ட 71, 121, 133 ஆகிய ‘ஈகிள்’ ஸ்குவாட்ரன்கள், 1942 செப்டம்பர் 29 அன்று டெப்டன் தளத்தில் அமெரிக்கப் படையிடம் ஒப்படைக்கப்பட்டன. அதுவரை இடப்பக்கம் இருந்த பிரிட்டிஷ் சிறகு வலப்பக்கம் போயிற்று. இடப்பக்கத்தில் அமெரிக்க வெள்ளிச் சிறகு வந்தது. ஆள் அவரேதான், பறந்த வானமும் அதுவேதான். படை மாறியது, சின்னம் பக்கம் மாறியது. பழைய சிறகை அடியோடு கழற்றச் சொல்லாமல் வலப்பக்கத்தில் வைத்துக்கொள்ள விட்டதை நான் மிகவும் மதிக்கிறேன்.

மாலையின் நிறத்துக்கு வருகிறேன். சாதாரண விமானிச் சின்னத்தில் மாலை பொன்னிறம். போர்ப் பறப்புக்காக வழங்கப்பட்ட வகையில் மாலைக்குப் பச்சை எனாமல் பூசப்பட்டிருக்கும். கறுப்பு வெள்ளைப் படத்தை வைத்து இரண்டையும் பிரித்துச் சொல்வது கடினம். குறிப்பிட்ட ஒருவரின் சிலை அல்ல என்றால் பொன்னிறமே பூசுங்கள். கழுகின் உடல் பளபளக்கும் வெள்ளி அல்ல, கறுக்கவைத்த வெள்ளி. முதலில் இரும்புச் சாம்பல் நிறம் பூசி, நீர்த்த கறுப்பை இறகுக் கோடுகளில் இறங்கவிட்டு, காய்ந்தபின் சிறகின் ஓரங்களையும் தலையையும் மட்டும் வெள்ளி நிறத்தால் லேசாகத் தேய்த்துவிட்டால், சட்டை உரசி மெருகேறிய இடம்போலத் தோன்றும்.

கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. வலப்பக்கச் சின்னம் இருந்த இரண்டு படங்களையும் இப்போது மீண்டும் எடுத்துப் பார்த்தேன். ஒன்றில் வலப்பக்கத் துணி மேலே இருக்கிறது, ஆகவே அது திருப்பி அச்சிட்ட படம். மற்றொன்றில் பொத்தான் சரியாக இருக்கிறது, இடப்பக்கத்தில் பிரிட்டிஷ் சிறகும் தெளிவாகத் தெரிகிறது. இரண்டாவது மறுமொழியைப் படித்த பிறகுதான் தோள்பட்டையில் உள்ள எழுத்துகளைப் பெரிதாக்கிப் பார்த்தேன், ‘செக்கோஸ்லோவாக்கியா’ என்று இருக்கிறது. இத்தனை நாள் அதைப் போலந்துக்காரரின் படம் என்றே சேமித்து வைத்திருந்தேன். சங்கிலி மட்டும் பாகத்தில் இல்லை. அதற்கு ஏதாவது வழி உண்டா?

மறுமொழி 3

பழைய சார்ஜர் கம்பியைப் பிரித்தால் உள்ளே தலைமுடி போன்ற செப்பு இழைகள் கிடைக்கும். இரண்டு இழைகளை ஒன்றாக முறுக்கி, கண்ணாடியின் மேல் வைத்து ஊசியின் பக்கவாட்டால் உருட்டித் தட்டையாக்குங்கள். அந்த அளவுச் சிலைக்குக் கண்ணிகள் கோத்த சங்கிலியாகவே தெரியும். ஒட்டும்போது இறுக்கி இழுக்காமல் சற்றுத் தொய்வாக விடுங்கள்.