பனிமலையை நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

பேட்டரிக் கடைக்காரர், ரங்கூன்

நான் பார்த்தது ஒரே ஒரு காலை, அதுவும் இருபது நிமிடம் இருக்கும். சோலார் பேட்டரி மாட்டும் வேலையாக ஒரு ஜனவரியில் பூட்டாவோ போயிருந்தேன். பர்மாவில் கச்சின் மாநிலத்தின் வடகோடி அது. வெள்ளைக்காரன் காலத்தில் ஃபோர்ட் ஹெர்ட்ஸ் என்று பெயர். பனிமலை ஊர் என்று வீட்டில் இரண்டு ஸ்வெட்டர் கட்டிக் கொடுத்தார்கள். இறங்கினால் அறுத்த வயலும் வாழையும். நம் பெகு பக்கம் மாதிரியே இருக்கிறது. ஊர் கடல்மட்டத்திலிருந்து ஐந்நூறு மீட்டருக்கும் கீழேதான். பர்மியர்கள் யேகெ தௌங், அதாவது ஐஸ் மலை என்கிறார்களே, அது எங்கே என்று எனக்கு எரிச்சல்.

இரண்டு நாள் மூடுபனி. மூன்றாம் நாள் டீக்கடையில் நான் ரொட்டியைப் பிய்த்து டீயில் தொட்டுத் தின்றுகொண்டிருந்தேன். ஒன்பது மணி வாக்கில் வெளிச்சம் வந்தது. கடைப் பையன் ரவாங் இனத்துப் பிள்ளை, "அதோ" என்று கை காட்டினான். மரங்களுக்கு மேலே நீலமாக ஒரு மலை வரிசை. "வெள்ளையாக ஒன்றும் இல்லையே" என்றேன். அவன் சிரித்துக்கொண்டே என் தாடையைப் பிடித்து மேலே தூக்கினான்.

மேகம் என்று நான் ஒதுக்கிவிட்ட இடத்தில் இருந்தது மலை. அத்தனை உயரத்தில் தரை இருக்கும் என்று கண்ணுக்குத் தோன்றவே இல்லை. கீழே நீல மலை, நடுவில் வெறும் புகை, அதற்கும் மேலே கல்லுப்பை உடைத்து வைத்தது போல் கூர்கூராக வெள்ளை. மடிப்புகளில் மட்டும் சாம்பல் நிழல். செருப்பைக் கடையிலேயே விட்டுவிட்டு ரோட்டுக்கு வந்திருக்கிறேன். கால் விறைத்த பிறகுதான் தெரிந்தது. அப்புறம் மேகம் ஏறி மூடிவிட்டது.

தட்டோன் வாத்தியார்

தம்பி, ஊருக்குப் போய் நம் நாட்டின் உயரமான மலையான ககாபோ ராசியைப் பார்த்தேன் என்று சொல்லிவிடாதீர்கள். 5,881 மீட்டர் உயரமுள்ள அந்த மலை இன்னும் வடக்கே, திபெத் எல்லையில் இருக்கிறது. பூட்டாவோவிலிருந்து காட்டுக்குள் பல நாள் நடந்து, தஹுன்தாம் என்ற கடைசிக் கிராமத்தையும் தாண்ட வேண்டும். நீங்கள் பார்த்தது முன்வரிசை. அதற்கே செருப்பை மறந்திருக்கிறீர்கள்!

செடிகொடி தேடி வந்த கிங்டன் வார்டு 1937இல் முயன்று திரும்பிவிட்டார். ஜப்பானியர் தகாஷி ஒசாகியும் நியிமா கியால்ட்சென் என்பவரும் உச்சியை மிதித்தது 1996இல்தான். எவரெஸ்டில் ஏறி 43 வருடம் கழித்து! உயரம் அல்ல, அங்கே போய்ச் சேரும் காடுதான் காவல். 2014இல் ஏறப் போன நம் நாட்டு இளைஞர்கள் இருவர் திரும்பவில்லை. தேடப் போன ஹெலிகாப்டர் ஒன்றும் விழுந்தது. டீக்கடை ரேடியோவைச் சுற்றி நின்று அந்தச் செய்தியைக் கேட்டது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

மோல்மேன் அக்கா

நான் மலையைப் பார்த்ததில்லை, தொட்டிருக்கிறேன். மகள் கச்சின் மாநிலத் தலைநகர் மிச்சினாவில் இருந்தபோது, பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழாவான திஞ்ஞானுக்குப் போனேன். நமக்கும் சித்திரை பிறக்கிற நேரம், வெயில் மண்டையைப் பிளக்கிறது. மிச்சோனுக்குக் கூட்டிப் போனாள். மலிகாவும் நிமைகாவும் கூடி ஐராவதியாகிற இடம். கூழாங்கல்லில் வழுக்காமல் முட்டி வரை இறங்கினேன். பத்து எண்ணுவதற்குள் கால் குச்சியாகிவிட்டது. தலை கொதிக்கிறது, கால் விறைக்கிறது! "அம்மா, இது வடக்கே உருகி வருகிற பனி" என்றாள். ஒரு பாட்டிலில் பிடித்து ரயிலில் கொண்டுவந்தேன். மாண்டலே வருவதற்குள் சாதாரணத் தண்ணீர்.

தட்டோன் வாத்தியார்

பேட்டரித் தம்பி, போட்டோ எடுத்தீர்களா?

பேட்டரிக் கடைக்காரர், ரங்கூன்

பதினேழு எடுத்தேன் வாத்தியாரே. எல்லாவற்றிலும் வாழைத்தோப்பு, கரண்டுக் கம்பி, மேலே வெளுத்த வானம். கடைப் பையன் மட்டும் ஒன்றில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறான், விரல் மேலே.