அப்பாவின் டிஸபிலிட்டி பென்ஷன்: புதுப்பிப்பு

பீரங்கிப் படையில் 22 வருடம் இருந்த அப்பாவுக்கு இரண்டு காதும் மந்தம், ஆனால் மருத்துவக் குழு 20 சதவீத ஊனம் என்று போட்டுவிட்டு 'பணியால் வந்ததல்ல' என ஒரே வரியில் முடித்துவிட்டது, அதனால் டிஸபிலிட்டி பென்ஷன் (ஊன ஓய்வூதியம்) கிடைக்கவில்லை என்று போன வருடம் எழுதியிருந்தேன். ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தில் ஜெயித்துவிட்டோம்!

கைகொடுத்தது ஒரு பழுப்பேறிய தாள். அப்பா படையில் சேர்ந்தபோது எடுத்த மருத்துவப் பரிசோதனை, காது என்ற இடத்தில் மங்கிய நீல மையில் 'நார்மல்'. 2013-ல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இதைத்தான்: சேரும்போது நோய்க் குறிப்பு இல்லையென்றால் பின்னால் வந்ததைப் பணியால் வந்ததாகவே கொள்ள வேண்டும், இல்லை என்று நிரூபிப்பது ராணுவத்தின் பொறுப்பு, மருத்துவக் குழுவும் காரணம் எழுதியாக வேண்டும். அப்பாவுக்குப் பொருந்தியவை இந்தப் பென்ஷன் யாருக்கு உண்டு என்று சொல்லும் 1982 விதிகள். பிற்பாடு ஓய்வு பெற்றவர்கள் தங்களுக்கு எந்த விதிகள் பொருந்தும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பென்ஷனுக்கு அப்பாவின் 20 சதவீத ஊனம் 50 சதவீதமாக உயர்த்திக் கணக்கிடப்படும். நிலுவைத் தொகை மட்டும் மனுவுக்கு முந்தைய மூன்று வருடத்துக்குத்தான், தாமதித்ததால் அத்தனை வருடப் பணம் போனது இன்னும் வலிக்கிறது. கையில் அந்த மருத்துவப் பரிசோதனைத் தாள் இல்லாதவர்கள் ராணுவத்தில் பணி ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்ட்ஸ் ஆபீசுக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் இன்றே எழுதிக் கேளுங்கள், நாங்களும் அப்படித்தான் வாங்கினோம்.